4.7 பாய் வேண்டாம் மச்சான்

நோர்வூட்
ஜூலை 27

அன்பு மச்சான்,

நீ எழுதியது போன கிழமையே கிடைத்துவிட்டது. பதில் பிந்தியதற்குக் காரணம் சோம்பல் இல்லை, மழை. மூன்று நாளாகக் கரண்ட் இல்லை, லயத்துக்கு மேலே உள்ள மண்மேடு கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று அம்மாவைத் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அங்கே இருந்துகொண்டு கோழிக்குத் தீனி போட்டாயா என்று ஒரு நாளைக்கு நாலு தடவை போன் பண்ணுகிறார். மற்றபடி எல்லாரும் சுகம்.

விண்ட்சர்ஃபிங் செட் ஒன்று, அதாவது நின்று ஓட்டுகிற பலகையும் அதில் கட்டுகிற காற்றுப் பாயும், விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். ஒரு வார்த்தையில் பதில்: வாங்காதே.

ஊருக்குப் போகிற வெள்ளைக்காரர் மலிவாகத் தருகிறார் என்பதெல்லாம் சரி, 4.7 சதுர மீட்டர் பாயும் 95 லிட்டர் பலகையும் அந்த விலைக்குக் கொள்ளை மலிவுதான், ஆனால் அது உன் உடம்புக்கும் பொருந்தாது, இங்கே காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீருக்கும் பொருந்தாது. நீ 82 கிலோ என்று எழுதியிருக்கிறாய் (உண்மையைச் சொல், கற்பிட்டி மீன்குழம்பு அதற்கு மேலே ஏற்றியிருக்கும்). பலகை ஒரு 7 கிலோ, பாய், அதை நிறுத்துகிற மாஸ்ட் கம்பம், கையால் பிடிக்கிற பூம் கம்பு எல்லாம் சேர்ந்து 9, நனைந்த ஜாக்கெட் 2. ஆக 100 கிலோ. நல்ல தண்ணீரில் 95 லிட்டர் பலகை 95 கிலோவைத்தான் தாங்கும், கடல் தண்ணீர் கனமானது என்பதால் அங்கே இன்னும் இரண்டரைக் கிலோ கூடத் தாங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதாவது நீ ஏறி நின்றால் முழங்கால் வரை தண்ணீருக்குள் போய்விடுவாய். ஓடிக்கொண்டிருக்கும்போது வேகமே பலகையை மேலே தூக்கி வைத்திருக்கும், லிட்டரைப் பற்றிக் கவலையில்லை. காற்று நின்ற பிறகுதான் லிட்டர் பேசும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பங்களாக்காரர் வீட்டுக் கொட்டிலில் விருந்தாளிகள் விட்டுப்போன சாமான்கள் கிடக்கின்றன, அதைப் பார்த்துக்கொள்கிறவன் நான் என்று உனக்குத் தெரியுமே. போன வருஷம் முதல் தடவை இறங்கியபோது, பெந்தோட்டைப் பழக்கத்தில், வெள்ளை நுரை தெரிகிறதே, காற்று 20 நொட்ஸ் (மணிக்கு 37 கிலோமீட்டர்) இருக்கும், 5.3 போதும் என்று முடிவு பண்ணி, 105 லிட்டர் பலகையை எடுத்துக்கொண்டு போனேன். கரையிலிருந்து நானூறு மீட்டர் போகும் வரை ராஜா. அப்புறம் மலை மூக்கு ஒன்றின் நிழலுக்குள் நுழைந்தேன், காற்றைக் கத்தரிக்கோலால் வெட்டியது போல நின்றுவிட்டது. கயிற்றைப் பிடித்துப் பாயைத் தூக்கப் பார்த்தால் பலகை காலடியில் அமிழ்கிறது. வாட்டர் ஸ்டார்ட், அதாவது பாயில் விழும் காற்றே நம்மைத் தண்ணீரிலிருந்து பலகைக்குத் தூக்கட்டும் என்று தண்ணீரில் கிடந்து பாயைப் பிடித்தால் அதைத் தூக்கக் காற்று இல்லை. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை காற்று ஒரு குத்து குத்தி, நான் எழும்புவதற்குள் போய்விடும். கடைசியில் பாயைப் பலகை மேலே படுக்கப் போட்டு, அதன் மேலே நானும் குப்புறப் படுத்து, கையால் துழாவிக்கொண்டு கரை சேர்ந்தேன். மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். இன்னமும் என்னைக் கண்டால் "தம்பி, இன்னிக்கி நீந்தப் போகலியா?" என்று கேட்கிறார்கள்.

கடலில் காற்று ஒரே சீராக வரும். மலைக்குள் அப்படி இல்லை, ஒவ்வொரு மேடும் அதை உடைத்து அனுப்பும், 10 நொட்ஸ் இருக்கும் இடத்தில் திடீரென்று 22 குத்தும், மறுபடி ஒன்றுமே இருக்காது. வேகம் இரட்டிப்பானால் பாயில் விழும் விசை நாலு மடங்கு என்பதை மறந்துவிடாதே. அதனால் இங்கே நான் கற்றுக்கொண்டது என்னவென்றால், குத்துக்குப் பாயைப் பார், காற்று விழுகிற ஓட்டைக்குப் பலகையைப் பார். பாய் பெருத்தால் குத்து வரும்போது உன்னைத் தலைகுப்புற எறியும், பலகை பெருத்தாலோ கொஞ்சம் மெதுவாகத் திரும்பும், வேறு ஒரு நட்டமும் இல்லை. கடலில் பழகியவர்கள் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள், பெரிய பலகை என்றால் ஏதோ மானக்கேடு போல.

இன்னொன்று, இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் நம்பினேன். மேலே காற்று இலேசு. காசல்ரீ கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம், இங்கே காற்றின் அடர்த்தி உங்கள் கற்பிட்டியைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. நுவரெலியா கிரகரி ஏரிக்குப் போனால் ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று அளக்கும் மீட்டரில் 20 நொட்ஸ் காட்டினாலும் பாயில் விழுகிற தள்ளு அந்த 20 இல்லை. கற்பிட்டியில் 6.0 கட்டும் அதே வேகத்துக்கு இங்கே 6.6, கிரகரியில் 7.2 வேண்டும். பெந்தோட்டையில் ஹோட்டல் பாத்திரம் கழுவி முடித்து அந்தி நேரத்தில் ஆற்றில் பழகினோமே, அந்தக் கணக்கை மூட்டை கட்டி வை.

காற்றுக்கு எத்தனை மீட்டர் என்று கேட்டாய். நான் வைத்திருக்கும் கைக்கணக்கு இதுதான்: உன் எடையை 1.4 ஆல் பெருக்கி, நொட்ஸால் வகு. உனக்கு 115 என்று வைத்துக்கொள். 15 நொட்ஸுக்கு 7.7, 20க்கு 5.7, 25க்கு 4.6. இது கடல்மட்டக் கணக்கு, பலகை எழும்பி ஓடுவதற்கான கணக்கு, சும்மா மிதந்து போக இதில் பாதி போதும். அந்த வெள்ளைக்காரரின் 4.7 எந்த நாளுக்கு என்று இப்போது புரிகிறதா? உங்கள் கடற்கரையில் மணல் பறந்து கண்ணைக் குத்துகிற நாளுக்கு. அவர் ஆள் மெலிவாக இருந்தால் 20 நொட்ஸிலும் சமாளித்திருப்பார். அவருக்கு அது சரியான செட்தான்.

நீ ஒரே ஒரு பாய்தான் வாங்கப் போகிறாய் என்றால் 6.5. இரண்டு என்றால் 7.5ம் 5.7ம். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மீட்டருக்கு மேல் இடைவெளி விடாதே, விட்டால் நடுவில் வருகிற காற்றுக்கு எதுவும் பொருந்தாது, சொல்லி வைத்தாற்போல அந்தக் காற்றுதான் தினமும் அடிக்கும். 6.5ஐக் குத்துக் காற்றில் எப்படி அடக்குவது என்றால் பாயை மாஸ்டின் அடிப்பக்கம் கீழே இழுத்துக் கட்டுகிற டவுன்ஹோல் கயிற்றை நன்றாக இழு, நீ நினைப்பதைவிட ஒரு கை அதிகமாக. அப்போது பாயின் மேல் பகுதி தளர்ந்து படபடக்கும், பழுதென்று நினைத்துப் பயப்படாதே, குத்து வரும்போது மேலே காற்று வழிந்து போவதற்காகத்தான் அது. புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் அதைச் சுருக்கமில்லாமல் இறுக்கிக் கட்டப் பார்ப்பார்கள், நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் கட்டினேன்.

பலகை 140லிருந்து 150 லிட்டர், அகலம் 75 சென்டிமீட்டருக்குக் குறையாமல், நடுவில் இறக்கி ஏற்றுகிற சென்டர்போர்ட் இருந்தால் இன்னும் நல்லது, காற்று விழுந்த நேரத்தில் எதிர்க்காற்றில் ஊர்ந்தாவது வந்துவிடலாம். பலகையின் பின்பக்கம் அடியில் நிற்கிற துடுப்பை, அந்த ஃபின்னை, பாயோடு சேர்த்துப் பார், 7 மீட்டர் பாய்க்கு 42, 44 சென்டிமீட்டர் ஃபின், 5 மீட்டருக்கு 30 போதும். நீளம் கூடியதைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குறைந்த காலத்தில் இறங்காதே. மவுசாக்கலையில் தண்ணீர் இறங்கினால் பழைய மஸ்கெலியாக் கோயில் தலை தூக்குவதைச் சின்ன வயதில் நடந்து போய்ப் பார்த்தோமே, அது மாதிரிதான் இங்கேயும் தண்ணீருக்கடியில் கல்லும் மேடும் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஓடுகிற வேகத்தில் ஃபின் தட்டினால் நீ மாஸ்டுக்கு முன்னால் போய் விழுவாய்.

பழைய பாய் வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கிற பகுதியை விரலால் வளைத்துப் பார், வெயிலில் கிடந்தது என்றால் மொறுமொறு என்று சத்தம் வரும், அந்தப் பாய் ஒரு விழுகையில் கிழியும். அடியில் மாஸ்ட் நீளமும் பூம் நீளமும் அச்சிட்டிருக்கும். அதற்குப் பொருந்தாத மாஸ்ட்டைச் சொருகினால் நல்ல பாயும் கோணிப்பை மாதிரி நிற்கும்.

மகனைக் கூட்டி வருவதாக எழுதியிருந்தாய். அவனுக்கு 13 வயது, 40 கிலோதானே, உன் பலகையிலேயே நிற்கட்டும், பாய் மட்டும் 3.5. கொட்டிலில் ஒன்று கிடக்கிறது, வாங்க வேண்டாம். பெரிய பாயைக் கொடுத்து அவன் முதுகை முறித்துவிட்டால் அப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டான். ஸ்வெட்டரும் எடுத்து வா, தண்ணீரிலிருந்து ஏறினால் ஆகஸ்டிலும் பல் கிடுகிடுக்கும். நீர்த்தேக்கத்தில் இறங்க பங்களாக்காரர் அனுமதிக் கடிதம் வாங்கி வைத்திருக்கிறார், அதில் உங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்க்க வேண்டும், வரும் தேதியை எழுது. போன தடவை ஒரு அலுவலகத்தில் கடிதத்தையே தொலைத்துவிட்டு என்னிடம் பிரதி கேட்டார்கள், அதனால் இந்த முறை இரண்டு வாரம் முன்னாலேயே கொடுக்கப் போகிறேன்.

நீர்கொழும்புப் பக்கம் 6.5 ஒன்று விலைக்கு இருப்பதாக எழுதியிருந்தாயே, அதன் அடிப்பக்க அச்சைப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். வரும்போது கட்டாக் கருவாடு ஒரு கிலோ. போன தடவை நீ கொண்டுவந்ததை அம்மா யாருக்கும் கொடுக்காமல் ஒளித்து வைத்துத் தின்றார்.

உன்
மச்சான்