கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமிருந்து

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று தெரிந்து சந்தோஷம். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை. அங்கே கிடைக்கிற கத்திரிக்காயில் எண்ணெய்க் கத்திரிக்காய் சரியாக வருகிறதா என்று உன்னைக் கேட்கச் சொன்னார். நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, ஏதோ தானே வாங்கிக் கொடுத்த மாதிரி எல்லோரிடமும் பெருமை பேசிக்கொண்டிருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கே வெளிநாட்டில், கட்டிட அனுமதி விண்ணப்பங்களை வாங்குகிற உன் பர்மிட் டெக்னீஷியன் வேலையைப் பற்றி நீ எழுதியிருந்ததை அப்படியே விட்டுவிட எனக்கு மனசில்லை. "பிளானைச் சரிபார்ப்பவர் வேறு, சைட்டுக்குப் போய்ப் பார்ப்பவர் வேறு. நடுவில் நான் பேப்பரை வாங்கி, கட்டணத்தைக் கணக்குப் போட்டு, அடுத்த மேசைக்குத் தள்ளுகிறேன். இதற்கா சிவில் படித்தோம்?" என்று கேட்டிருந்தாய். நானும் இங்கே நகரமைப்புப் பிரிவில் அதே கவுன்ட்டரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வீடு கட்டுகிற ஒருவர் நம் சட்டத்தை முதன்முதலாகப் பார்ப்பது உன் முகத்திலும் என் முகத்திலும்தான். விதிப் புத்தகத்தை அவர் படிக்கப் போவதில்லை. இங்கே 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளை முழுக்கப் படித்த வீட்டுக்காரர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை, படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அதில் அவருக்கு எது பொருந்தும், எது பொருந்தாது, ஏன் என்பதைச் சொல்வதற்குத்தான் நாம் இருக்கிறோம்.

கொசப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஜவுளிக்கடைக் கட்டைப்பை நிறையப் பேப்பர். மகனுக்கு வங்கிக் கடன் வேண்டும், வங்கியில் அப்ரூவல் ஆன பிளான் கேட்கிறார்கள். ஒருவர் வில்லங்கச் சான்று வேண்டும் என்றாராம், அதை எடுத்துக்கொண்டு போனால் பட்டா எங்கே என்றாராம், பட்டாவோடு போனால் எஃப்.எம்.பி., அதாவது நில அளவை வரைபடம், எங்கே என்றாராம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று. நான் பையை வாங்கி எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். மனை இருந்தது. ஆனால் பட்டா அவருடைய அப்பா பேரிலும் பங்காளிகள் பேரிலுமாகக் கூட்டுப் பட்டா. பாகம் வாய்ப்பேச்சிலேயே பிரிந்து, எல்லோரும் அவரவர் இடத்தில் குடியிருக்கிறார்கள். ஆக, சிக்கல் பிளானில் இல்லை, பட்டாவில்தான்.

ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். முதலில் வாரிசுச் சான்று. அப்புறம் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம். அதை வைத்துத் தாலுகாவில் உட்பிரிவோடு பட்டா மாறுதல். சர்வேயர் வந்து அளந்தால்தான் எஃப்.எம்.பி. அவர் பாகத்துக்குத் தனியாக வரும். பதிவு பெற்ற பொறியாளரிடம் வரைபடம் போடுவது கடைசியில். இடையில் சொத்து வரி பாக்கி இருந்தால் கட்டிவிடலாம், அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எது எந்த அலுவலகம், எது முடிந்த பிறகு எது என்று அம்புக்குறி போட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். "இவ்வளவுதானாம்மா?" என்றார். அவ்வளவுதான். அதில் ஒன்றுகூட லேசான வேலை இல்லை, பங்காளிகளைக் கூட்டுவதே பெரும்பாடு. ஆனாலும் முழுசாகத் தெரிந்தபோது அவர் முகம் தெளிந்துவிட்டது. அலைச்சலைவிட, இன்னும் என்ன கேட்பார்களோ என்ற பயம்தான் மனிதர்களை வதைக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதை நீக்குகிற இடத்தில் நாம் இருக்கிறோம். இது சின்ன வேலையா, சொல்லு?

கட்டணமும் அப்படித்தான். "மொத்தம் எவ்வளவுங்க ஆகும்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். அந்தத் தயக்கத்துக்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும். நான் ஒவ்வொரு தலைப்பாகப் பிரித்துச் சொல்லிவிடுவேன்: இது வரைபடத்தைச் சரிபார்க்கிற கூர்ந்தாய்வுக் கட்டணம், இது வளர்ச்சிக் கட்டணம், இந்த 1 சதவீதம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்கு, அதாவது உங்கள் வீட்டுக்குச் செங்கல் தூக்குகிறவர்களுக்கு. ஆன்லைனிலேயே கட்டிவிடலாம், ரசீது வரும். கணக்கு இப்படித் திறந்து கிடந்தால் புரோக்கருக்கு அங்கே வேலை இல்லை.

இப்போது இங்கே பெரிய மாற்றம் வந்திருக்கிறது. 2024 ஜூலை 22 முதல் சுயசான்றுத் திட்டம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டிடம், தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு தளம் மட்டும் என்றால், ஆன்லைனில் விண்ணப்பித்த உடனே அனுமதி வந்துவிடும். சின்ன வீடு கட்டுகிறவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல காரியம். கூர்ந்தாய்வுக் கட்டணமும் கிடையாது. மாதக் கணக்கில் காத்திருந்தவர்கள் ஒரே நாளில் பூமி பூஜைக்கு நாள் குறிக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. அதில் சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதி கூறுவது வீட்டுக்காரர். பிரவுசிங் சென்டரில் யாரோ ஒரு பையன் டிக் அடித்துக்கொண்டே போகிறான், இவர் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறார். கையில் அனுமதி வந்ததும், அலுவலகத்தில் யாரோ பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்கள் என்று நம்புகிறார். யாரும் பார்க்கவில்லை. மனை அளவு பத்திரத்தில் ஒன்றும் தரையில் ஒன்றுமாக இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்கும் அன்றுதான் தெரியும், அதற்குள் சுவர் கதவுக்கு மேலே லிண்டல் வரை எழும்பியிருக்கும். அதனால் கவுன்ட்டரில் கூட்டம் குறைந்தாலும் என் பேச்சு குறையவில்லை. "ஐயா, கையெழுத்து உங்களுடையது. டேப்பை எடுத்து நீங்களே ஒரு தடவை நாலு பக்கமும் அளந்துவிடுங்கள்" என்று வருகிறவர் எல்லோரிடமும் சொல்கிறேன். மெஷின் அனுமதி கொடுக்கிற காலத்தில்தான் எடுத்துச் சொல்ல ஆள் அதிகம் வேண்டும் என்பது என் கட்சி.

நம் ஊருக்கே உரிய தலைவலி ஒன்று, கோட்டை. அகழியை ஒட்டிய தெருக்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டிடம் கூடாது, அதற்கு மேல் இன்னொரு 200 மீட்டருக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று 2010இல் மத்தியச் சட்டத்தைத் திருத்தினார்கள். போன வாரம் ஒரு அக்கா வந்தார், கணவர் இல்லை. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டி வாடகைக்கு விடலாம் என்று ஆசை. வீடு அந்த 100 மீட்டர் எல்லைக்குள் இருந்தது. முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம். உட்கார வைத்து, பழுது பார்க்க அனுமதி கேட்க வழி இருக்கிறது, அதற்கு எங்கே எழுத வேண்டும், இருக்கிற வீட்டின் படங்களை இப்போதே எடுத்து வையுங்கள் என்று சொன்னேன். அழுதார். ஆனால் பணத்தைப் போட்டு அஸ்திவாரம் தோண்டிய பிறகு நோட்டீஸ் வருவதற்கு இது எவ்வளவோ மேல்.

மழைநீர் சேகரிப்பு மட்டும் எனக்கு இன்னும் ஆற்றாமை. 2003இலேயே கட்டாயமாக்கிய விஷயம். வரைபடத்தில் ஒரு மூலையில் வட்டம் போட்டுக் காட்டுவார்கள், வீடு முடிந்ததும் அந்த மூலையில் கார் நிற்கும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனபோது, இங்கே நம் தெருவில் நாங்கள் குடத்தோடுதான் நின்றோம். பாலாறு எப்போதோ ஒரு வருஷம் புரண்டு ஓடுகிறது, மற்ற நாளெல்லாம் மணல். அந்தக் கதையைச் சொல்லித்தான் குழி வெட்டச் சொல்கிறேன். விதி எண்ணைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, போர்வெல் ஆழத்தைச் சொன்னால் கேட்கிறார்கள்.

உன் ஊர் முறையில் நான் பொறாமைப்படுகிறது ஒன்று உண்டு. அஸ்திவாரத்துக்குக் கம்பி கட்டிய பிறகு, கான்கிரீட் போடுவதற்கு முன்னால் ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறாய். மரச்சட்டத்தைச் சுவர் மூடுவதற்கு முன்னால் மறுபடியும் ஒருவர். எல்லாம் முடிந்து சான்று கொடுத்தால்தான் குடிபோக முடியும். இங்கே சின்ன வீட்டுக்கு அந்தப் பொறுப்பு முழுக்கப் பொறியாளர் தலையிலும் மேஸ்திரி தலையிலும். நல்ல மேஸ்திரி அமைந்தால் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் என்கிற சின்னக் கட்டைகளை வைத்து, கம்பிக்கு இடம் விட்டுப் போடுவார். அமையாவிட்டால் கம்பி மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடக்கும், பத்து வருஷத்தில் துருவேறிப் பில்லர் வெடிக்கும்.

2021 நவம்பர் உனக்கு நினைவிருக்கும். அந்த மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து, குழந்தைகளும் சேர்த்து 9 பேர் போய்விட்டார்கள். அதே மாதக் கடைசியில் விடியற்காலையில் வேலூரைச் சுற்றி லேசாக நிலம் அதிர்ந்தது. அந்த இரண்டுக்கும் பிளான் அப்ரூவலுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்தால், இந்தச் சுவருக்குப் பக்கத்தில் யார் படுப்பார்கள் என்று பார்க்காமல் என்னால் மடிக்க முடியவில்லை.

பிளானைச் சரிபார்க்கிற வேலைக்கான பிளான் எக்ஸாமினர் தேர்வு எழுதலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக எழுது. புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதுகிற தேர்வுதானே, உனக்குப் பக்கம் புரட்டுகிற கை எப்போதுமே வேகம். சம்பளம் கூடும், படித்த படிப்புக்கும் நெருக்கமான வேலை. ஆனால் கவுன்ட்டரில் இருப்பது கேவலம் என்று நினைத்து மட்டும் அதை விடாதே. அங்கே ஆங்கிலம் சரியாக வராத ஒருவர் ஃபாரத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார், நீ எழுந்து வெளியே வந்து பக்கத்தில் நின்று நிரப்பிக் கொடுத்தாய் என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு பத்தியை நான் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். உங்கள் அலுவலகத்தில் வீட்டுக்காரர்களுக்கென்று கொடுக்கிற அந்த அஸ்திவாரப் பரிசோதனைப் பட்டியல், என்னென்ன பார்ப்போம் என்று ஒரு பக்கத்தில் இருக்கும் என்றாயே, அதைப் படம் எடுத்து அனுப்பு. நம் ஊர்க் கட்டுமானத்துக்கு ஏற்ற மாதிரி, கம்பி, கவர் பிளாக், பில்லர் குழி ஆழம், ஜல்லி, தண்ணீர் என்று எளிய தமிழில் மாற்றி எழுதி, எங்கள் பொறியாளரிடம் காட்டிச் சரிபார்த்து, கவுன்ட்டரில் வருகிறவர்கள் கையில் கொடுக்கப் போகிறேன். மேலதிகாரியிடம் கேட்டுவிட்டேன், சரி என்றிருக்கிறார். தை பிறந்தால் வீடு கட்ட ஆரம்பிக்கிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள், அதற்கு முன்னால் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி