ஆகஸ்டில் வா, அவனையும் கூட்டிக்கொண்டு வா

அன்பு மகளுக்கு,

"ஹூஸ்டனில் நம் இக்போ சங்கத்தார் நடத்தும் அந்தக் கூட்டத்துக்கு இனி நான் வரமாட்டேன் அம்மா, ஒற்றுமை ஒற்றுமை என்று மைக் பிடித்துப் பேசுகிறவர்கள்தானே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். எனக்கு இரவு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, அதோடு நீ சொன்னதில் பாதி உண்மை என்பதால் வாயும் எழவில்லை. இன்று லீவு, உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரித்து வந்த பெரியவர்கள் மூன்று பேர் நம் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது, ஒருவர் குரலைத் தாழ்த்தி அந்த வீட்டாரைப் பற்றி ஒரு சொல் சொன்னாரே, ஓசு என்று, அதற்கு என்ன அர்த்தம் என்று நீ சமையலறைக்கு வந்து கேட்டாய். அப்புறம் சொல்கிறேன் என்றேன். உனக்கு முப்பது வயதாகும்வரை அந்தச் சொல்லை உன் காதில் போடாமல் வளர்த்தது எனக்குப் பெருமையாக இருந்தது, ஆனால் அன்றைக்கு அதுவே தப்பாகிவிட்டது. நம் இக்போ இனத்தில் பழைய காலத்தில் ஒரு தெய்வத்துக்கு என்று நேர்ந்துவிடப்பட்ட ஆட்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் எல்லாரும் ஓசு. மற்றவர்கள் அவர்களுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். 1956லேயே கிழக்கு நைஜீரியச் சட்டசபை இதை ஒழித்துச் சட்டம் போட்டது. 2018 டிசம்பரில் ந்ரீ என்ற நம் பழைய ஊரில் பெரியவர்கள் கூடி, சடங்கு செய்து, இனி ஓசு இல்லை என்று அறிவித்தார்கள். ஆனாலும் அது நம் எல்லாருடனும் விமானம் ஏறி ஹூஸ்டன் வரை வந்துவிட்டது, விசாவே கேட்காமல்.

சரி, மற்றப் பாதி. 2016இல் உன் அப்பா போனபோது நீ பரீட்சை முடித்துவிட்டு வந்து சேர மூன்று நாள் ஆனது, அந்த மூன்று நாளும் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. முதல் நாள் இரவே பெண்கள் வந்துவிட்டார்கள். ஹால் தரையில் பதினொரு பேர் படுத்திருந்தார்கள், என்னைத் தனியாகக் கழிவறைக்குக்கூட விடவில்லை. சங்கத்தில் வீட்டுக்கு 200 டாலர் என்று பேசி, வேலை போய் உட்கார்ந்திருந்தவர்கள்கூடக் கொடுத்தார்கள். அப்பாவை இந்த மண்ணில் புதைக்கக் கூடாது, நைஜீரியாவில் ஒர்லு பக்கம் நம் ஊரில் அவருடைய அப்பாவுக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று நான் ஒருமுறைதான் சொன்னேன். பெட்டியோடு ஓவெர்ரிவரை போக இரண்டு பேர் தங்கள் வேலையில் விடுப்புச் சொல்லிக் கிளம்பினார்கள். அதில் ஒருவர் யார் தெரியுமா? மார்ச் மாதம் நம் ஹாலில் குரலைத் தாழ்த்தியவர். அதே மனிதர்தான். இதை எப்படி ஒரே ஆளுக்குள் வைத்துப் பார்ப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை அம்மாடி.

நாம் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டு கிடக்கிறோம் என்று நீ கேட்பாய். 1966இல் நைஜீரியாவின் வடக்கில் நம் ஆட்களை வெட்டியபோது தாத்தா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ரயிலில் ஊர் திரும்பினார். அப்புறம் பியாஃப்ரா என்று நம் ஆட்கள் தனி நாடு அறிவித்தது, முப்பது மாதப் போர், பசி. 1970 ஜனவரியில் எல்லாம் முடிந்தது. வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் கைக்கு 20 பவுண்டுதான் என்றது அரசாங்கம். அந்த 20 பவுண்டை வைத்துத் தாத்தா ஒன்றும் செய்திருக்க முடியாது, பங்காளிகள் ஐந்து பேர் சேர்த்துப் போட்டதால்தான் மறுபடி கடை வந்தது. தன் கூடப்பிறந்தவனை யாரும் விட்டுவிட்டுப் போகாதே என்று நாம் சொல்வது அந்தக் காலத்தில் வெறும் பேச்சாக இருக்கவில்லை. ஆனால் அகதி முகாமிலும், நீ எந்தக் குடும்பம் என்று கேட்டுவிட்டுத்தான் கஞ்சிச் சட்டியை நீட்டியவர்கள் இருந்தார்களாம், பாட்டி சொல்லியிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாதக் கூட்டம். தாமதமானால் பத்து டாலர் அபராதம், வழக்கம்போல நான் கட்டினேன். இருப்பதிலேயே சின்னப் பையன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான், மூத்தவர் கோலாக் கொட்டையை எடுத்து இக்போவில் வேண்டிக்கொண்டார். ஓஜிக்கு, அதாவது கோலாக் கொட்டைக்கு, ஆங்கிலம் புரியாது என்பார்கள், அதனால் அந்த ஐந்து நிமிஷம் பிள்ளைகள் எல்லாம் திருதிருவென்று விழித்தன. உடைத்துப் பார்த்தால் நான்கு பருப்பு. ஏகே, ஓரியே, ஆஃபோ, ந்க்வோ, நம் வாரத்தின் நான்கு சந்தை நாளும் வந்துவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம். பெண்கள் அதை உடைக்கக் கூடாது என்பது உனக்குப் பிடிக்காது, எனக்கும் அதில் வருத்தம் உண்டு, அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில், வேறு ஏதாவது உண்டா என்று கேட்டபோது எழுந்தேன். "அக்டோபரில் என் மகளுக்கு இக்பா ந்க்வு கல்யாணச் சடங்கு. கோப்பையில் கள் எடுத்துக்கொண்டு அவள் அவனைத்தான் தேடிப் போவாள். வராதவர்கள் வர வேண்டாம். ஆனால் அவர்கள் நான் செத்தாலும் எனக்காக வசூல் பண்ண வேண்டாம்." அவ்வளவுதான் சொன்னேன், கால் நடுங்கியது.

கொஞ்ச நேரம் ஏசி சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அந்த அனம்ப்ரா மாநிலத்து அம்மா எழுந்தாள், எகுசி சூப்பை நம் இமோ மாநிலத்துக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று பத்து வருஷமாக என்னோடு சண்டை போடுகிறாளே, அவள்தான். "அரிசி யார் பொறுப்பு?" என்று கேட்டாள். ஏழு பெண்கள் கை தூக்கினார்கள். இரண்டு குடும்பம் அன்றைக்கே வாட்ஸாப் குழுவை விட்டுப் போய்விட்டது, போகட்டும். அந்தப் பெரியவர் ஒன்றுமே பேசவில்லை. ஆனால் என் ஐஸ் பெட்டியை அவரே கார்வரை தூக்கிக்கொண்டு வந்து டிக்கியில் வைத்தார். "ஓஹா கீரை இப்போது நன்றாக இல்லை, கசப்பிலை போட்டு வை" என்றார். அது மன்னிப்பா, வெறும் சமையல் பேச்சா என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் மன்னிப்பு என்று சொல்லப் போவதும் இல்லை.

ஆகஸ்டில் புது யாம் கிழங்கு விழா. ஒளிந்துகொண்டு வராதே, அவனையும் கூட்டிக்கொண்டு முன் வரிசைக்கு வா. அவனுக்கு என்ன பயம், அந்தப் பெரியவர்களின் பிள்ளைகளைவிட அவன் இக்போ அழகாகப் பேசுகிறான். ராகம் மாறினால் பொருளும் மாறும் அக்வா என்ற சொல்லை வைத்து முட்டைக்கும் அழுகைக்கும் துணிக்கும் கட்டிலுக்கும் ஒரே ராகம் போடுகிறவள் நீதான்.

அவனுக்குச் சிங்கத் தலை போட்ட இசியாகு சட்டை தைக்கச் சொல்லப் போகிறேன். தோள் அளவும் கை நீளமும் எடுத்து இந்த வாரமே அனுப்பு. டேப் வைத்து அள, உன் அப்பா மாதிரிக் குத்துமதிப்பாகச் சொல்லாதே.

அம்மா