கண்ணில் காட்டினால்தான் ஏறும் என்று சொன்னவன் நான்தான்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் என்றால் நீ நடுவில் "சரிப்பா, விடுப்பா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். அதனால் மோட்டார் காயில் கட்டும் நம் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் தம்பி போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை நீ அழுத அழுகை இன்னும் என் காதில் நிற்கிறது. அங்கே ஜெர்மனியில் நர்ஸாக இருந்துகொண்டே நீ எழுதிய ஜெர்மன் மொழித் தேர்வில், அந்த பி2 நிலையில், படிப்பது, எழுதுவது, பேசுவது மூன்றும் தேறிவிட்டாய். கேட்பதில் மட்டும் 52. வேண்டியது 60. அந்த ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதினால் போதும் என்றும் நீயேதான் சொன்னாய். எட்டு மார்க் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதற்கு அப்புறம் ஒன்று சொன்னாயே, அதுதான் தைத்தது. "எனக்குக் காதுல கேட்டா ஏறாதுப்பா. சின்ன வயசுல இருந்தே அப்படித்தானே. இண்டர்நெட்ல டெஸ்ட் எடுத்துப் பார்த்தேன், அதுலயும் விஷுவல் லேர்னர், கண்ணால பார்த்துக் கத்துக்கிற ஆளுன்னுதான் வந்துச்சு."

அந்த டெஸ்டுக்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே அதை உன்னிடம் சொன்னவன் நான், கண்ணு.

நீ நாலாவது படிக்கும்போது எட்டாம் வாய்ப்பாடு வரவே வராது. அம்மா அடுப்படியில் இருந்து சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வாய், அடுத்த நிமிஷம் காணாமல் போய்விடும். ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்த உன்னை, காயில் எரிந்துபோன ஸ்டேட்டர் ஒன்றின், அதாவது மோட்டாரில் சுழலாமல் நிற்கும் கூட்டின், முன்னால் உட்கார வைத்தேன். காயில் உட்காரும் பள்ளம், 24 ஸ்லாட். எட்டு எட்டாகச் சாக்பீஸில் கோடு போட்டால் மூன்று பங்கு, ஆறு ஆறாகப் போட்டால் நான்கு பங்கு. நீ விரலை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் வைத்து வைத்து எண்ணினாய். விரல் நுனியெல்லாம் கரி. அன்றைக்கே எல்லாம் வந்துவிடவில்லை, ஆனால் பயம் போய்விட்டது. அன்று முதல் சொந்தக்காரர்கள், உன் டீச்சர், கடைக்கு வருகிறவர்கள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்: "என் பிள்ளைக்குக் காதுல சொன்னா ஏறாது, கண்ணுல காட்டினாத்தான் ஏறும்." நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் சொன்னது உனக்குள் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கும் என்று எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

தம்பியிடம் கேட்டேன். அவனுக்கு பி.எட்.டில் இது பாடமாகவே இருக்கிறது. நியூசிலாந்தில் நீல் ஃபிளெமிங் என்று ஒருவர் 1987இல் ஒரு கேள்வித்தாள் போட்டிருக்கிறார். பார்த்துக் கற்பது, கேட்டுக் கற்பது, படித்தும் எழுதியும் கற்பது, செய்து கற்பது என்று நான்கு வழி. இதில் உனக்கு எது பிடித்தம் என்று அது கேட்கும். நீ எடுத்த டெஸ்டும் அந்த வகைதான் போலிருக்கிறது. அப்புறம் 2008இல் அமெரிக்காவில் நான்கு உளவியல் பேராசிரியர்கள், பாஷ்லர் என்பவரும் மற்ற மூன்று பேரும், இது சம்பந்தமான ஆராய்ச்சிகளை எல்லாம் அலசியிருக்கிறார்கள். படம் பிடித்தவருக்குப் படமாகவும், கேட்கப் பிடித்தவருக்குக் காதுவழியாகவும் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்கிறார்களா என்று தேடினால், ஆமாம் என்று சொல்லத் தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். பிடித்தம் உண்டு, அதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் பிடித்த வழியில் மட்டும்தான் மூளைக்குள் இறங்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை.

தம்பி சொன்னதைக் கேட்டதும் எனக்கு அம்மிச்சிதான் ஞாபகம் வந்தாள்.

நீ நர்சிங் இரண்டாம் வருஷம் லீவுக்கு வந்திருந்தாய். புது ஸ்டெதாஸ்கோப் கழுத்தில். முதலில் என் நெஞ்சில் வைத்துப் பார்த்தாய், அப்புறம் அம்மா, அப்புறம் தம்பி, கடைசியில் திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மிச்சியின் முதுகு. இடப்பக்கம் கீழே வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாய். "அம்மிச்சி, மூச்சை இழுத்து விடுங்க. இன்னொரு தடவை." நான்கைந்து முறை கேட்டாய். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, என் காதோரம் உன் முடியில் ஒரு கற்றையை வைத்து இரண்டு விரலால் தேய்த்துக் காட்டினாய். "இந்த மாதிரி சத்தம்பா. நுரையீரல்ல கீழ கேக்குது. நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்." மறுநாள் எக்ஸ்ரே எடுத்ததில் அந்த இடத்தில்தான் சளி கட்டியிருந்தது.

அந்தச் சத்தத்தை எந்தப் படத்தில் பார்த்துக் கற்றாய்? காலேஜ் சேர்ந்த புதிதில் நீயே போனில் புலம்பியது எனக்கு மறக்கவில்லை. பிரஷர் பார்க்கும்போது எல்லோரும் கேட்குது கேட்குது என்கிறார்கள், எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்றாய். ரூமில் கூட இருந்த பிள்ளைகளின் கையில் எல்லாம் பட்டையைக் கட்டி ராத்திரி பத்து மணி வரைக்கும் காற்றடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாயாம். எத்தனாவது நாள் என்று தெரியவில்லை, ஒரு நாள் "கேட்டுருச்சுப்பா!" என்று கத்தினாய். காது உனக்கு ஏற்கனவே ஒரு தடவை திறந்திருக்கிறது. நான் சொல்லி வைத்த பேச்சு அதை உன் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

கடையில் இப்போது ஒரு பையன் வேலை பழகுகிறான், ஐ.டி.ஐ. முடித்தவன். அவனும் உன்னை மாதிரிதான். ஸ்டார்ட்டிங் காயில், ரன்னிங் காயில் கனெக்‌ஷனை எல்லாம் நோட்டில் கலர் பேனாவால் அழகாகப் போட்டு வைத்திருப்பான். பழைய காயிலை வெட்டுவதற்கு முன்னால் எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் கனம், எந்த ஸ்லாட்டில் இருந்து எந்த ஸ்லாட்டுக்கு என்று ஒன்று விடாமல் குறித்துக்கொள்வான். அந்த வேலைக்கு அதுதான் வழி, அதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பேரிங் தேய்ந்தால் வரும் சத்தம் அவனுக்குத் தெரியாது. நீளமான திருப்புளியின் முனையை மோட்டாரில் பேரிங் இருக்கும் இடத்தில் அழுத்தி, பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்க வேண்டும். முதல் நாள் "அண்ணா, எல்லா மோட்டாரும் ஒரே மாதிரிதான் கேக்குது" என்றான். அப்புறம் நோட்டை எடுத்து, அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றான். நான் என்னத்தைச் சொல்வேன்? நல்ல மோட்டார் இரண்டு, பேரிங் போன மோட்டார் ஒன்று. மூன்றையும் வரிசையாக ஓடவிட்டு, அவனைத் திரும்பி நிற்கச் சொல்லி, எது என்று கேட்பேன். தினம் காலையில் டீ வருவதற்குள் பத்து நிமிஷம். தப்பாகச் சொன்னால் திரும்பவும் காதை வைக்கச் சொல்வேன். மூன்றாவது வாரம், வாசலில் ஆட்டோவில் இருந்து இறக்கிய மோட்டாரை ஓட்டிப் பார்த்ததுமே "அண்ணா, இது காயில் இல்ல, பேரிங்" என்றான்.

காயில் கட்டுவதைக் கண்ணும் கையும் கற்க வேண்டும், பேரிங்கைக் காது கற்க வேண்டும். நமக்கு எது பிடிக்கும் என்று வேலை கேட்பதில்லை.

இப்போது உன் விஷயம். வீடியோ காலில் பார்த்திருக்கிறேன், நீ ஜெர்மன் செய்தி பார்க்கும்போதெல்லாம் கீழே எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் விஷுவல், எனக்கு எழுத்து வேண்டும் என்று நீயே அதைப் போட்டு வைத்திருக்கிறாய். கண் முந்திக்கொண்டு படித்துவிடுகிறது, காதுக்கு அங்கே வேலை இல்லை. படிப்பதில் நல்ல மார்க் வந்ததும் கேட்பதில் குறைந்ததும் இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தேர்வில் சில பகுதியை ஒரே தடவைதான் போடுவார்கள் என்றாய். உன் ஆஸ்பத்திரி வார்டில் அந்தப் பெரியவர் ஸ்டுட்கார்ட் பக்கத்து ஸ்வாபிய வட்டாரப் பேச்சில் எங்கே வலிக்கிறது என்று சொல்லும்போதும் கீழே எழுத்து ஓடாது.

டாய்ச்ச வெல்லே என்கிற ஜெர்மன் ஒலிபரப்பில் மெதுவாக வாசிக்கிற செய்தி வரும் என்றாயே, அதில் இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேள். காதில் விழுந்ததை எழுது, தப்பாக இருந்தாலும் எழுது. அதற்கு அப்புறம் எழுத்தைத் திறந்து எங்கே விட்டாய் என்று பார். மூடிவிட்டு இன்னொரு தடவை கேள். நாளைக்கும் அதையே கேள், மூன்று நாள் விட்டும் கேள். படத்தையும் கலர் பேனாவையும் விடச் சொல்லவில்லை. விட்ட வார்த்தையைக் கலரில் குறித்து வை, அது உன்னை உட்கார வைக்கும். உனக்கு எது பிடிக்கும் என்று தெரிந்திருப்பதில் அந்தப் பலன் நிச்சயம் உண்டு, எங்கே இருந்து ஆரம்பிப்பது என்று தெரியும்.

நீ கட்டாயம் சண்டைக்கு வருவாய், திரும்பத் திரும்பப் படித்தால் நன்றாகத்தானே இருக்கிறது என்று. அதற்கும் தம்பி ஒன்று சொன்னான். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்று இரண்டு பேர் சோதித்திருக்கிறார்கள். ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மூடி வைத்துவிட்டு நினைவில் இருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. படிக்கும்போது சுலபமாக இருந்தால் வந்துவிட்டது என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

சாயந்திரம் கடைக்கு வரும் தமிழய்யாவிடமும் இதைச் சொன்னேன். அவர் உடனே நன்னூலுக்குப் போய்விட்டார். மாணாக்கரை அன்னம், கிளி, எருமை, ஓட்டைக்குடம் என்று வகை பிரித்த அதே பவணந்தியார், கற்கிற விதத்துக்கு வந்ததும் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கணக்கைச் சொல்கிறாராம். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் "காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்". கால் பங்குதான் பிடிபடும். கூடப் படிக்கிறவர்களோடு பழகினால் இன்னொரு கால். மிச்ச அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உன் ஹாஸ்டலுக்குப் புதிதாகக் கேரளத்துப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள் என்றாயே, ஷிஃப்ட் மாறும்போது காதில் வாங்கிய ரிப்போர்ட்டை ராத்திரி அவளுக்கு ஜெர்மனிலேயே சொல். நோயாளி பேரை மட்டும் சொல்லாதே.

நான் அன்றைக்கு வாய்ப்பாட்டைக் காட்டியது சரிதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அதை உன் குணம் என்று ஊரெல்லாம் சொன்னதுதான் தப்பு. அந்தச் சொல்லை அப்பா திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு தம்பி மூன்று ஆடியோ அனுப்புவான். மூன்று மோட்டார், ஒவ்வொன்றும் அரை நிமிஷம். பையன் திருப்புளியை வைத்துக் கேட்கும் அதே இடத்தில் போனை வைத்துப் பதிந்தேன். ஹெட்போன் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேள். முதல் தடவை மூன்றும் ஒன்றாகத்தான் கேட்கும், அழாதே. எதில் பேரிங் போயிருக்கிறது என்று வரும் ஞாயிற்றுக்கிழமை சொல்.

அன்புடன்,
அப்பா