பார்க்கிங் கட்டடம் பிறகு, சாலையோரம் முதலில்

ஆசிரியருக்கு,

நாகர்கோவிலில் நெரிசல் என்று பேச்செடுத்தாலே சாலையை அகலப்படுத்த வேண்டும், பல அடுக்கு பார்க்கிங் கட்ட வேண்டும் என்கிறார்கள். இரண்டும் கார்களை இன்னும் ஊருக்குள் இழுக்கும். அதுவும் சாலையோரத்தில் ஓசியில் இடம் கிடைக்கும்வரை காசு கொடுத்து மாடிக்கு ஏற்ற ஆள் வராது.

ஒரு கார் நிற்க இரண்டரைக்கு ஐந்து மீட்டர் இடம் வேண்டும். செம்மாங்குடி ரோட்டில் காலையில் கடைக்காரரின் கார் அதில் நின்றுவிட்டால் கடை அடைக்கும்வரை அசையாது. சாமான் வாங்க வந்தவர்தான் இடம் தேடிச் சுற்றுவார். மணிக்கு இவ்வளவு, இரண்டாவது மணியிலிருந்து கூடுதல் என்று கட்டணம் வைத்தால் இடம் கைமாறும். வரிசைக்கு ஒன்றிரண்டு இடம் காலியாகத் தெரிந்தால் கட்டணம் சரி. ஒன்றும் தெரியாவிட்டால் ஏற்ற வேண்டும். ஒரு தெருவில் மட்டும் வசூலித்தால் பக்கத்துச் சந்துகள் அடைபடும், ஆகவே அவற்றையும் அதே நாளில் சேர்க்க வேண்டும். வசூலை மொத்தத் தொகைக்கு ஏலம் விட்டாலோ, குத்தகைதாரர் போட்ட பணத்தை எடுக்க நடைபாதையிலும் வண்டி ஏற்றுவார்.

இடம் கைமாறினால் குறைந்த இடமே போதும்; அப்படி மிஞ்சும் இடம் நடப்பவருக்குப் போக வேண்டும். குடியிருப்புத் தெருவிலேயே 1.8 மீட்டர் தடையற்ற நடை அகலம் வேண்டும் என்கிறது, சாலைகளுக்கு நெறிமுறை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பு. சாலையிலிருந்து நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் ஊர் நடைபாதை பெரும்பாலும் ஓடைமேல் கிடக்கும் சிலாப்தான். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஓடையில் மண் வாரத் தூக்கிய சிலாப் திரும்பச் சமமாக உட்காருவதில்லை, ஒரு முனை எழும்பிக் காலை இடறும். இடையிடையே தூக்கும் சிறு மூடிகள் வைத்தால் மற்றவற்றைத் தொடவே வேண்டாம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் நடைபாதையின் விளிம்புக்கல் சாலை மட்டத்துக்கு வந்துவிடும். பிறகு பைக் ஏறத்தான் செய்யும்.

பஸ் நிற்க ஓரத்தில் குடைந்து விடும் இடம் எனக்கு ஒப்பாத ஏற்பாடு. ஆட்டோக்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. உள்ளே போன பஸ்ஸைத் திரும்ப வெளியே வர மற்ற வண்டிகள் விடுவதில்லை. டிரைவர் நடுரோட்டிலேயே நிறுத்துகிறார், வயதானவர்கள் வண்டிகளுக்கிடையே ஓடி ஏறுகிறார்கள். அந்த இடத்தில் நடைபாதையையே வெளியே நீட்டினால் பஸ் தன் தடத்தில் நின்றபடி ஆள் ஏற்றும். 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏறும் இடம் மட்டும் இப்படி இருக்கிறது.

பெல்ஜியத்தின் கென்ட், ஏறக்குறைய நாகர்கோவில் அளவு ஊர். கார்கள் ஊருக்குக் குறுக்கே பாய்வதைத் தடுக்க, 2017 ஏப்ரலில் நகர் மையத்தைச் சுற்றியுள்ள இடத்தை ஆறு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் போக வட்டச்சாலைக்கு வெளியேறித்தான் ஆக வேண்டும்; பஸ்ஸும் சைக்கிளும் குறுக்கே போகலாம். முழுமையான வட்டச்சாலை இல்லாத நமக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனால் குறுக்குவழியாகக் கார்கள் பாயும் வடசேரி, கோட்டாறு சந்துகளில் ஒரு முனையில் 1.2 மீட்டர் இடைவெளியில் தூண்கள் நடலாம். சைக்கிளும் சக்கர நாற்காலியும் நுழையும், கார் நுழையாது. நடுத்தூணைப் பூட்டோடு கழற்றும்படி வைத்து, ஒரு சாவி தீயணைப்பு நிலையத்திலும் ஒன்று அந்தத் தெருவிலும் இருக்கட்டும்.

– வாசகர், நாகர்கோவில்