ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பூச்சி மூளையைப் பின்பற்றித் தானே வழி பார்த்து ஓடும் வண்டி ஒன்றைச் செய்வது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்திருந்தோம். குரோம்பேட்டையில் விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் ட்ரோன் பறக்கவிட வழியில்லை. அதனால் நான்கு சக்கர வண்டி.

ஏன் பூச்சி என்று பலரும் கேட்டார்கள். தேனீயின் மூளையில் இருப்பது சுமார் 10 லட்சம் நரம்பணுக்கள்தான். ஜிபிஎஸ் கிடையாது. ஆனாலும் குறுகிய சந்தில் இரு பக்கமும் மோதாமல் நடுவாகப் பறக்கிறது. எப்படி என்பதைப் பெங்களூரில் படித்து கான்பெராவில் ஆராய்ந்த மாண்டியம் ஸ்ரீனிவாசனின் குழு காட்டியது. தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பக்கத்துக் கம்பம் பறக்கும், தூரத்துக் கட்டடம் மெல்ல நகரும் அல்லவா? காட்சி நகரும் அந்த ஓட்டம் இரண்டு கண்ணிலும் ஒரே அளவாக இருக்கும்படி தேனீ விலகிக்கொள்கிறது.

நம் வண்டியின் நியூரல் நெட்வொர்க்குக்கும், அதாவது நரம்பணுக்களின் இணைப்பைப் போல அமைத்த கணினி நிரலுக்கும், இதுதான் வேலை. 1956இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஹாசன்ஸ்டைனும் ரைஷார்ட்டும் ஒரு கூன்வண்டை ஆராய்ந்து சொன்ன மாதிரியை எடுத்துக்கொண்டோம். காட்சியில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளில் ஒன்றின் சிக்னலைச் சற்றுத் தாமதித்து மற்றதோடு பெருக்கினால் அசைவின் திசை தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பயிற்சி கொடுக்கத் தேவையில்லை. ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினி போர்டே போதுமானதாக இருந்தது.

முதல் ஓட்டம் சங்க அறைக்கு வெளியே உள்ள நடையில். வண்டி நேராகப் போய் இடப்பக்கச் சுவரில் முட்டியது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கோடிங்கில் தப்பைத் தேடினோம். தப்பு சுவரில் இருந்தது. புதிதாக வெள்ளையடித்த சுவர். அதில் கண்ணுக்குப் பிடிபட ஒரு கறைகூட இல்லை. காட்சியின் ஓட்டம் தெரியாததால், சுவர் தூரத்தில் இருப்பதாக எண்ணி வண்டி அந்தப் பக்கமே ஒதுங்கியிருக்கிறது. உறுப்பினர்களின் பிள்ளைகள் பழைய செய்தித்தாள்களை ஒட்டிவிட்டார்கள். அப்புறம் வண்டி நடுவிலேயே ஓடியது. அன்றைக்கு எனக்கு இருந்த மகிழ்ச்சியை இங்கே பதிவு செய்யாமல் இருக்க முடியாது.

அடுத்த ஆண்டுக்குப் பாலைவன எறும்பை எடுத்துக்கொள்ளலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. அது வானத்து ஒளியைப் பார்த்துத் திசையையும், எடுத்து வைக்கும் அடிகளைக் கொண்டு தூரத்தையும் அறிகிறது. இரை கிடைத்த இடத்தில் கால்களில் பொய்க்கால் ஒட்டிவிட்டால், அடி நீளமாகி, திரும்பும்போது புற்றைத் தாண்டிப் போய்விடுகிறது என்று 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் வண்டியும் ஈரத் தரையில் சக்கரம் வழுக்கித் தூரத்தைத் தப்பாகக் கணக்கிடுகிறது. ஆகவே இது நமக்கு அவசியமான பாடம்.

சந்தா பாக்கியுள்ளவர்கள் இந்த மாதத்துக்குள் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்துப் படிப்பார்.

செயலாளர்