நினைவு நாள் அருங்காட்சியகப் பயணம்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

நவம்பர் 11 நினைவு நாளுக்கு முந்தின சனிக்கிழமை, எங்கள் தமிழ்ப் பள்ளியின் மேல் வகுப்புப் பிள்ளைகளை கனடாவின் ஹமில்டனில் உள்ள போர்விமான அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறோம். அனுமதிப் படிவம் பிள்ளைகளின் பையில் இருக்கிறது.

போன கிழமை ஒரு தாய் தொலைபேசியில் கேட்டார்: "பொம்மருக்குப் பயந்து பங்கருக்குள்ள கிடந்தனாங்கள். எங்கட பிள்ளைகளைப் பொம்மர் பாக்கவோ கூட்டிக்கொண்டு போறீங்கள், சேர்?" இலங்கையில் போர் நடந்தபோது, குண்டு போடும் விமானத்துக்குப் பயந்து நானும் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் கிடந்தவன்தான். உடனே பதில் சொல்ல முடியவில்லை. யோசித்து இப்போது எழுதுகிறேன்.

அங்கே நிற்கும் லங்காஸ்டர் என்ற இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சு விமானம், கனடிய விமானப்படை வீரர் அன்ட்ரூ மைனார்ஸ்கியின் நினைவைச் சுமப்பது. போலந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு வின்னிபெக்கில் 1916இல் பிறந்தவர். பதினாறு வயதில் தகப்பனை இழந்து, தோல் வெட்டும் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கியவர். அப்படிப்பட்ட பிள்ளைகளை எங்கள் சனத்துக்குள்ளும் எத்தனை பேரைக் கண்டிருப்போம்!

1944 ஜூன் 12 இரவு. ஜெர்மன் படைகள் பிடித்திருந்த பிரான்ஸின் கம்ப்ரே ரயில் நிலையத் தண்டவாளங்களைத் தாக்க விமானங்கள் புறப்பட இருந்தன. அதற்கு முன் புல்லில் ஒரு நாலிதழ்க் குளோவரைக் கண்டெடுத்த மைனார்ஸ்கி, அதிர்ஷ்டம் என்று சொல்லித் தன் நண்பர் பற் புரொஃபியிடம் கொடுத்தார். மைனார்ஸ்கி விமானத்தின் முதுகில் இருந்த துப்பாக்கிக் கூண்டுக்காரர். புரொஃபி வால் கூண்டுக்காரர்.

நள்ளிரவுக்குப் பிறகு ஜெர்மன் இரவுப் போர்விமானம் ஒன்று பின்னாலிருந்து சுட்டது. இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் நின்றன. வால் கூண்டு சுழல்வது அந்தப் பக்க எஞ்சின் தரும் எண்ணெய் அழுத்தத்தால். அதனால் கூண்டு பாதியில் இறுகி, புரொஃபி உள்ளே சிக்கிக்கொண்டார். கையால் சுழற்றும் பிடியும் முறிந்தது. எல்லோரும் குதிக்கும்படி விமானி கட்டளையிட்டார். கதவடிக்கு வந்த மைனார்ஸ்கி திரும்பிப் பார்த்தார். குதிக்கவில்லை. நெருப்புக்குள்ளால் தவழ்ந்துபோய்க் கோடரியால் கொத்தினார், பிறகு வெறுங்கையால் இழுத்தார். உடையும் பரசூட்டும் பற்றி எரிந்தன. கண்ணாடிக்கு உள்ளே இருந்த புரொஃபி, போ, போ என்று கையசைத்தார். என் மனதை விட்டுப் போகாதது அந்தக் கைதான். தனக்கு இருந்த ஒரே உதவியை அவரே திருப்பி அனுப்பினார்.

மைனார்ஸ்கி முகத்தைத் திருப்பாமலே பின்னால் தவழ்ந்து கதவடிக்குப் போனார். எரிகிற உடையோடு நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்து, ஏதோ சொல்லிவிட்டுக் குதித்தார். இரைச்சலில் கேட்கவில்லை, வழக்கம்போல 'குட் நைட், சேர்' என்றுதான் சொல்லியிருப்பார் என்று புரொஃபி பின்னாளில் சொன்னார்.

விமானம் மரத்தில் மோதியபோது கூண்டு உடைந்து புரொஃபி வெளியே வீசப்பட்டு உயிர் தப்பினார். மற்ற ஐவரும் தப்பினார்கள். நிலத்தில் இறங்கிய மைனார்ஸ்கி மட்டும் தீக்காயத்தால் இறந்தார். வயது 27. அந்த இருட்டில் நடந்ததற்கு புரொஃபியைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவர் சொன்ன பிறகுதான் 1946இல் மைனார்ஸ்கிக்குப் போர்வீரத்துக்கான மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா குறொஸ் வழங்கப்பட்டது.

அந்தத் தாய்க்கு என் பதில் இதுதான். கீழே இருந்தவர்களை மறைத்து இதைச் சொல்லமாட்டோம். அந்த மாதங்களில் நேசநாட்டுக் குண்டுகளுக்குப் பிரெஞ்சுப் பொதுமக்களும் பலியானார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். குண்டு விழுந்த பக்கத்தில் இருந்த நாங்கள்தான் அதைச் சொல்லத் தகுந்தவர்கள். ஆகவே விரும்பும் பெற்றோர் கூட வாருங்கள். திரும்பி வரும் பஸ்ஸில் உங்கள் பங்கர் கதையையும் சொல்லுங்கள்.

இந்தக் கனடிய லங்காஸ்டர்கள் செய்யப்பட்டது மால்டனில், எங்களில் பலர் முதன்முதலில் வந்திறங்கிய ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தின் பக்கத்தில். அதையும் பிள்ளைகளுக்குக் காட்ட பஸ் அந்த வழியால் போகும்.

காலை எட்டரைக்குப் புறப்படுகிறோம். விமானக் கொட்டகைக்குள் குளிராக இருக்கும். தடித்த ஜக்கெட் போட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
அதிபர்