கீழ்க் கோர்ட்டையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசாத தமிழர் டர்பனில் குறைவு. நானும் பேசுகிறவள்தான். 1995இல் திறந்த அந்த நீதிமன்றம் அதே ஆண்டு ஜூனில் மரண தண்டனையை ஒழித்தது. 2007இல் மூக்குத்தி வழக்கு வந்தது. பள்ளி விதியைக் காட்டி ஒரு தமிழ் மாணவியின் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னது நியாயமற்ற பாகுபாடு என்று தலைமை நீதிபதி பயஸ் லாங்கா தீர்ப்பு எழுதினார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்று 1913இல் நீதிபதி சேர்ல் சொல்லி, அதை எதிர்த்துப் போராடி நம் பெண்கள் சிறைக்குப் போன நாடு இது. அதனால் அந்தத் தீர்ப்பு எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அதே மூக்குத்தி வழக்கில் மாணவியின் தாய் பாகுபாட்டு வழக்குகளை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றத்தில் தோற்று, பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்து, ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் கடைசித் தீர்ப்பு வருவதற்குள் அந்தப் பெண் பள்ளியை விட்டே போய்விட்டாள்.

எங்களைப் போன்றவர்கள் ஜோகன்னஸ்பர்க் வரை போவதில்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டோடு சரி. என் தங்கை மகள் பிள்ளைகளின் ஜீவனாம்சத்துக்கு வழக்குப் போட்டிருக்கிறாள். நான் துணைக்குப் போகிறேன். போன மாதம் எங்கள் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனோம். கிளார்க் ஒலிப்பதிவு இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினார், விளக்கு எரியவில்லை. வயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினார், அப்புறமும் எரியவில்லை. பதிவு இல்லாமல் விசாரணை கிடையாது என்று வாய்தா போட்டார்கள். அவள் கடையில் வேலை செய்கிறவள், போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. சின்னவனின் பள்ளிக் கட்டணம் பாக்கி நிற்கிறது. மாஜிஸ்திரேட் அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் முகத்திலும் அதே சலிப்புதான் இருந்தது.

உயர் நீதிமன்றங்களின் நிர்வாகத்தைப் பார்க்க 2010இல் தலைமை நீதிபதி அலுவலகம் என்று தனியாக அமைத்தார்கள். நல்லது. மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் மட்டும் ஏன் இன்னும் நீதித்துறை அமைச்சகத்தின் கையில் இருக்க வேண்டும்? கட்டடம் பழுதானால் பொதுப்பணித் துறை வர வேண்டும். 2021 செப்டம்பரில் நீதித்துறை அமைச்சகத்தின் கணினிகளை யாரோ முடக்கியபோது ஜீவனாம்சப் பணம் கூடத் தாமதமானது. அந்தப் பணத்தை நம்பித்தான் பால் வாங்குகிறார்கள், ஐயா.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. காலையில் கதவு திறக்கும் முன்பே இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்கட்டும். ஓடாவிட்டால் வேறு அறைக்கு மாற்றட்டும், அதுவும் முடியாவிட்டால் வருகிறவர்களுக்கு போனில் சொல்லட்டும். பட்ஜெட் விவாதத்தில் நம் எம்.பி.க்கள் கீழ்க் கோர்ட்டுகளுக்கென்று தனியாகப் பணம் கேட்கட்டும். வாய்தாவுக்கு என்ன காரணம் சொன்னார்கள் என்று உங்கள் வாசகர்கள் எழுதி அனுப்பினால் தயவுசெய்து வெளியிடுங்கள். அவற்றை எங்கள் எம்.பி.யிடம் நானே கொண்டு போய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆலைத் தொழிலாளி,
டர்பன்